லாராவின் அம்மா கரோலைன் இங்கல்ஸ்: புத்தகங்கள் சொல்லாமல் விட்ட வருடங்கள்

உங்கள் கேள்வி மூன்று வரிதான். "என் பெண் 'லிட்டில் ஹவுஸ்' வரிசைப் புத்தகங்களை விடாமல் படிக்கிறாள். அதில் வரும் அம்மா நிஜத்தில் எப்படி வாழ்ந்து எப்படி இறந்தார்? லாரா அம்மாவின் சாவுக்குக்கூடப் போகவில்லையாமே, உண்மையா?" லாரா இங்கல்ஸ் வைல்டர் என்ற அமெரிக்க எழுத்தாளர் தன் சின்ன வயது வாழ்க்கையை வைத்து எழுதிய சிறுவர் புத்தகங்கள் அவை. முதல் இரண்டு வரிகளுக்கு விக்கிப்பீடியா போதும். உங்களை உறுத்துவது கடைசி வரி என்று நினைக்கிறேன். அம்மாவைப் பற்றி அவ்வளவு பிரியமாக எழுதிய ஒரு மகள், அந்த அம்மா உயிரோடிருந்த கடைசி 22 வருடங்கள் ஊர்ப்பக்கமே போகாமல் இருந்தார் என்றால், புத்தகத்தில் இருக்கும் பிரியத்தை எந்த அளவு நம்புவது? இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் அந்த அம்மாவின் வாழ்க்கையை முதலில் இருந்து சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளமாகப் போகும்.

அமெரிக்காவின் மத்திய மேற்கில் ஒரு பொது நூலகத்தின் உள்ளூர் வரலாற்றுப் பிரிவில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். பூட்டன் எங்கிருந்து வந்தார், எந்த நிலத்தை உழுதார் என்று தேடி வருபவர்களுக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள், நிலப் பத்திரம், கல்லறைப் பதிவு, பழைய ஊர்ப் பத்திரிகை எல்லாம் எடுத்துக் கொடுப்பது என் வேலை. நான் இலக்கிய ஆய்வாளர் இல்லை. தாளில் இருப்பதைப் படிக்கத் தெரியும், அவ்வளவுதான். இங்கல்ஸ் குடும்பத்தைப் பொறுத்தவரை ஆதாரங்களைத் தரம் பிரித்துத்தான் படிக்க வேண்டும். அரசுப் பதிவுகள்தான் உறுதியானவை. அடுத்தது, லாரா 1930ல் பெரியவர்களுக்காக எழுதி, அப்போது யாரும் வெளியிட முன்வராமல் 2014ல்தான் அச்சான நினைவுக்குறிப்பு. 1932 முதல் 1943 வரை வந்த சிறுவர் புத்தகங்கள் கதைகள். நடந்ததை வைத்துக் கட்டிய கதைகள் என்றாலும் கதைகள்தான். 1974ல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரை ஆதாரப் பட்டியலிலேயே சேர்க்கக்கூடாது. ஆனால் பாதிப்பேர் அதைப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் வருகிறார்கள்.

பிறப்பும் இறப்பும் சந்தேகமில்லாதவை. கரோலைன் லேக் குவைனர் 1839 டிசம்பர் 12 அன்று விஸ்கான்சினில் மில்வாக்கி பக்கத்தில் பிறந்தார். அப்போது விஸ்கான்சின் ஒரு மாநிலமாகக்கூட ஆகவில்லை. 1924 ஏப்ரல் 20, ஈஸ்டர் ஞாயிறன்று, தெற்கு டகோட்டாவின் டி ஸ்மெட் ஊரில் 84 வயதில் இறந்தார். லாரா அடக்கத்துக்குப் போகவில்லை என்பதும் உண்மைதான்.

கரோலைனுக்கு ஐந்து வயதிருக்கும்போது அப்பா போன கப்பல் மிச்சிகன் ஏரிப் புயலில் சிக்கியது, அவர் திரும்பவில்லை. அம்மா ஷார்லட் பிள்ளைகளை வைத்துக்கொண்டு காட்டோரத்தில் சில வருடங்கள் தனியாகத் தாக்குப்பிடித்து, 1849ல் மறுமணம் செய்துகொண்டார். கரோலைன் 16 வயதில் பள்ளி ஆசிரியை ஆனார். 1860 பிப்ரவரி 1 அன்று பக்கத்துப் பண்ணைப் பையன் சார்லஸ் இங்கல்ஸைக் கல்யாணம் செய்தார். குவைனர் வீட்டுக்கும் இங்கல்ஸ் வீட்டுக்கும் மூன்று சம்பந்தங்கள்: கரோலைனின் அண்ணன் ஹென்றி சார்லஸின் சகோதரி பாலியைக் கட்டினார், தங்கை எலைசா சார்லஸின் அண்ணன் பீட்டரைக் கட்டினார். பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்கள் என்று சொன்னால் நம் ஆட்களுக்குச் சட்டென்று புரியும். பின்னால் ஒவ்வொரு கஷ்டத்திலும் இவர்கள் யார் வீட்டு வாசலில் போய் நின்றார்கள் என்பதற்கும் இதுதான் விளக்கம்.

விஸ்கான்சினில் பெப்பின் ஊருக்குப் பக்கத்துக் காட்டில் 1865ல் மேரி, 1867ல் லாரா. 1868ல் சார்லஸ் நிலத்தை விற்று, மிசௌரி வழியாக 1869ல் கான்சாஸ் போய்ச் சேர்ந்தார். புத்தகத்தில் கேரி என்ற கைக்குழந்தையும் வண்டியில் போகிறாள். பதிவுகளின்படி கேரி பிறந்ததே கான்சாஸில், 1870 ஆகஸ்ட் 3 அன்று. அந்த வருடக் கணக்கெடுப்பில் மான்ட்கோமரி கவுண்டியில் அந்தக் குடும்பத்தோடு அவள் பெயரும் இருக்கிறது. ஆக, கரோலைன் அந்தப் புல்வெளிப் பயணத்துக்குப் பின் மரக்குடிலில் கர்ப்பமாக இருந்து பிள்ளை பெற்றிருக்கிறார். கதைக்கு வசதியாக அது மறைந்துவிட்டது. அந்தக் காலத்தில் குடும்பமே மலேரியாவில் விழுந்தபோது மருந்து கொடுத்தவர் ஜார்ஜ் டான் என்ற கறுப்பின மருத்துவர். அவர் நிஜமான மனிதர். இன்டிபென்டன்ஸ் ஊரில் அவர் கல்லறை இருக்கிறது.

கான்சாஸைப் பற்றி இன்னொன்றையும் சொல்லாமல் கடக்க முடியாது. அவர்கள் வீடு கட்டிய இடம் பூர்வகுடிகளான ஓசேஜ் மக்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்த நிலம். இங்கல்ஸ் குடும்பத்துக்கு அங்கே எந்த உரிமையும் கிடையாது. 1870 ஜூலையில் வந்த சட்டத்தின்படி ஓசேஜ் மக்கள் தெற்கே, இன்றைய ஓக்லஹோமாவுக்கு அனுப்பப்பட்டார்கள். நிலம் ஏக்கர் ஒன்றேகால் டாலருக்குக் குடியேறிகளுக்கு விற்கப்பட்டது. ராணுவம் விரட்டப்போகிறது என்று பயந்து கிளம்பியதாகப் புத்தகம் சொல்கிறது. பெப்பின் நிலத்தை வாங்கியவர் பணம் கட்ட முடியாமல் போனதால் அந்த நிலம் இவர்களிடமே திரும்பியது என்பதுதான் ஆவணங்கள் காட்டும் காரணம். 1871ல் திரும்பிப் போனார்கள். புத்தகத்து அம்மாவுக்குப் பூர்வகுடிகள் என்றாலே வெறுப்பு. நிஜக் கரோலைன் அப்படிப் பேசினாரா என்பதற்கு லாராவைத் தவிர வேறு சாட்சி இல்லை. ஆனால் 1862ல் மினசோட்டாவில் டகோட்டாப் பூர்வகுடிகளோடு நடந்த போரின் செய்திகளைக் கேட்டு வாழ்ந்த தலைமுறையில் அந்த வெறுப்பு சாதாரணம். அமெரிக்க நூலகச் சங்கத்தின் பிரிவு ஒன்று 2018ல் லாரா பெயரிலிருந்த விருதிலிருந்து அவர் பெயரை எடுத்ததற்கும் புத்தகங்களின் இந்தப் பகுதிகள்தான் காரணம். இந்த அம்மாவைப் போற்றும்போது அவர் யாருடைய மண்ணில் அடுப்பு மூட்டினார் என்பதையும் சேர்த்தே சொல்வது நியாயம் என்பது என் கட்சி.

1874ல் மறுபடி மேற்கே, மினசோட்டாவின் வால்நட் குரோவ். ஆற்றங்கரை மண்ணைக் குடைந்து கட்டிய வீடு. சார்லஸ் கோதுமை விதைத்த காலத்தில் வெட்டுக்கிளிகள் வந்தன. 1873 முதல் 1877 வரை அந்தப் பகுதி முழுவதையும் மொட்டையடித்த ராக்கி மலை வெட்டுக்கிளி அது. அந்த இனமே இன்று உலகத்தில் இல்லை. 1875 கடைசியில் சார்லஸ், தன்னிடம் ஒன்றுமே இல்லை என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதிக்கொடுத்து நிவாரண மாவு வாங்கினார். புத்தகத்து அப்பா யாரிடமும் கைநீட்டாதவர். அந்த மாவை ரொட்டியாகச் சுட்டவர் கரோலைன். அந்த நவம்பர் 1 அன்றுதான் அவருக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்திருந்தது. சார்லஸ் ஃபிரெடரிக், வீட்டில் ஃபிரெடி.

அடுத்த வருடம் நிலத்தை விற்றுவிட்டு, கிழக்கு மினசோட்டாவில் பீட்டர்–எலைசா வீட்டில் போய்த் தங்கினார்கள். அங்கே 1876 ஆகஸ்ட் 27 அன்று ஃபிரெடி இறந்தான். பத்து மாதம்கூட நிறையவில்லை. அவன் கல்லறை எங்கே என்று இன்றுவரை அடையாளம் காணப்படவில்லை. சிறுவர் புத்தகங்களில் இப்படி ஒரு தம்பி பிறந்ததாகவே இல்லை. என் வேலையில் இப்படிக் காணாமல்போன குழந்தைகளை அடிக்கடி பார்க்கிறேன். பத்து வருடத்துக்கு ஒரு முறை எடுக்கும் கணக்கெடுப்பு இரண்டுக்கு நடுவில் பிறந்து இறந்த குழந்தை எந்தப் பட்டியலிலும் வராது. 1900, 1910 கணக்கெடுப்புகளில் பெண்களிடம் எத்தனை பிள்ளை பெற்றீர்கள், எத்தனை இருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். கொள்ளுப்பாட்டியைத் தேடி வருபவர்கள் அந்த இரண்டு கட்டங்களைப் பார்த்துவிட்டு அமைதியாகிவிடுவார்கள்.

ஃபிரெடியைப் புதைத்த கையோடு அவர்கள் போனது அயோவாவின் பர் ஓக், ஒரு ஹோட்டலை நடத்த உதவுவதற்கு. கரோலைன் சமையலறையில், மேரியும் லாராவும் மேசையில் பரிமாறினார்கள். மகன் செத்த துக்கத்தோடு, 1877 மே மாதம் பிறந்த கடைசிப் பெண் கிரேஸையும் அந்த ஊரில்தான் பெற்றார். அங்கிருந்து கிளம்பியதுகூட வாடகை பாக்கிக்காக ராத்திரியோடு ராத்திரியாகத்தான் என்று லாராவின் நினைவுக்குறிப்பு சொல்கிறது. அதற்குத் துணையாக வேறு தாள் இல்லை. ஆனால் இல்லாத அவமானத்தை எழுதிவைக்க அவருக்குக் காரணமும் இல்லை என்பதால் நான் நம்புகிறேன். சிறுவர் புத்தகங்கள் பர் ஓக்கையும் முழுதாகத் தாண்டிவிட்டன.

கணக்கெடுப்புத் தாளில் அக்காலக் குடும்பத் தலைவிகளின் தொழில் என்ற இடத்தில் பெரும்பாலும் 'வீட்டைப் பராமரிக்கிறார்' என்றுதான் எழுதியிருக்கும். ஆனால் இந்தக் குடும்பத்தில் விளைச்சல் பொய்த்தபோதெல்லாம் காசு வந்த வழிகளில் ஒன்று கரோலைனின் அடுப்பு. பர் ஓக்கில் ஹோட்டல். 1880 வசந்தத்தில் டகோட்டாவில் நிலம் பிடிக்க வந்த கூட்டத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு சோறும் படுக்க இடமும். விதவையான பிறகு மறுபடி அதே வேலை. உழைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றியவர் அப்பா, வீட்டை அழகாக வைத்துக்கொண்டவர் அம்மா என்று புத்தகங்கள் பிரித்துவைப்பதை நான் ஒப்புக்கொள்ளாதது இதனால்தான்.

பர் ஓக்கிலிருந்து வால்நட் குரோவுக்கே திரும்பியிருந்தார்கள். 1879ல் அங்கே 14 வயது மேரிக்குக் கடும் நோய் வந்து பார்வை போனது. ஸ்கார்லெட் காய்ச்சல் என்று புத்தகம் சொல்கிறது. 2013ல் குழந்தை மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வு, கிடைத்த குறிப்புகளை வைத்துப் பார்த்து, மூளையையும் அதன் உறையையும் தாக்கும் வைரஸ் தொற்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்றது. நூறு வருடத்துக்கு முந்தைய நோயைக் கடிதத்தையும் பத்திரிகைத் துணுக்கையும் வைத்துக் கண்டுபிடிப்பதில் இருக்கும் எல்லை இதற்கும் உண்டு. சந்தேகமில்லாதது அதற்குப் பின் நடந்தது: 1881ல் மேரியை அயோவாவின் வின்டன் ஊரிலிருந்த பார்வையற்றோர் கல்லூரிக்கு அனுப்பினார்கள். டகோட்டாவில் அப்படிப் பள்ளி இல்லாததால் படிப்புச் செலவை டகோட்டா அரசு கட்டியது. துணிமணிக்கும் பயணத்துக்கும் குடும்பம் காசு தேடியது. மேரி 1889ல் படிப்பை முடித்தார். நிவாரண மாவு வாங்கிய வீடு ஆறே வருடத்தில் கண் தெரியாத பெண்ணை வெளியூருக்குப் படிக்க அனுப்பியது. இதில் பள்ளி ஆசிரியையாக இருந்த அம்மாவின் பிடிவாதம் இருந்திருக்க வேண்டும் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

டகோட்டாவுக்கு அவர்கள் போனது 1879ல், சார்லஸுக்கு ரயில்பாதை வேலை கிடைத்ததால். 1880ல் டி ஸ்மெட் ஊர் உருவானபோது முதலில் குடியேறியவர்களில் அவர்களும் உண்டு. சார்லஸ் ஹோம்ஸ்டெட் சட்டத்தின்கீழ் 160 ஏக்கர் எழுதிப்போட்டார். ஐந்து வருடம் அங்கேயே குடியிருந்து பயிர் செய்தால் நிலம் சொந்தம். 1886ல் அதை நிரூபித்துக் காட்டினார். அந்தச் சட்டத்தில் 21 வயதான தனிப் பெண் மனுப்போடலாம், விதவை போடலாம். கணவனோடு வாழும் பெண் போட முடியாது. அதனால் நிலப் பதிவில் கரோலைனைத் தேடினால் கிடைக்கமாட்டார். வேடிக்கை என்னவென்றால், கேரி கல்யாணத்துக்கு முன்பே 1907 வாக்கில் மேற்கு டகோட்டாவில் தன் பெயரிலேயே நிலம் எடுத்துக் குடில் போட்டுத் தங்கினார். அம்மாவுக்குச் சட்டம் கொடுக்காததை மகளுக்குக் கொடுத்தது.

1880–81 குளிர்காலம் உங்கள் பெண் படிக்கப்போகும் புத்தகத்தில் விரிவாக வரும். பனியில் ரயில் நின்று மே மாதம்தான் ஒழுங்காக ஓடியது என்பது வரலாறு. காபி அரைக்கும் இயந்திரத்தில் கோதுமை அரைத்ததும், வைக்கோலை முறுக்கி எரித்ததும் லாரா சொல்வது. அந்த வட்டாரத்தில் மற்றவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். ஆனால் புத்தகத்தில் அந்த வீட்டில் ஆறே பேர். நினைவுக்குறிப்பில் ஓர் இளம் தம்பதியும் அவர்கள் கைக்குழந்தையும் அந்தக் குளிர் முழுக்க அங்கேயே தங்கியிருக்கிறார்கள், அதிலும் அதிகம் கைகொடுக்காத விருந்தாளிகளாக. ஆறு பேருக்கே போதாத கோதுமையை ஒன்பது பேருக்குப் பங்கிட்டது யார் கை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சார்லஸ் ஓரிகன் போக ஆசைப்பட்டதாகவும் கரோலைன் இனி நகரமாட்டேன் என்று நின்றுவிட்டதாகவும் லாரா எழுதுகிறார். இப்படி ஒரு பேச்சு எந்தப் பதிவிலும் இருக்காது. ஆனால் வருடங்களை வைத்துப் பாருங்கள். 1868 முதல் 1879 வரை 11 வருடத்தில் விஸ்கான்சின், கான்சாஸ், மறுபடி விஸ்கான்சின், மினசோட்டா, அயோவா, மறுபடி மினசோட்டா, டகோட்டா. அதன்பின் 44 வருடம் ஒரே ஊர். 1887ல் சார்லஸ் மூன்றாம் தெருவில் கட்டிய வீட்டுக்குக் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் குடிபோனார்கள். கரோலைன் சாகும்வரை அதுதான் வீடு. பண்ணையை 1892ல் விற்றுவிட்டார்கள். ஆக, புத்தகங்களும் தொலைக்காட்சியும் காட்டும் வண்டிப் பயணம் அவருடைய 84 வருடத்தில் சிறு துண்டு. மீதி வாழ்க்கை ஒரு சின்ன ஊரில் சர்ச், தோட்டம், சமையல், கண் தெரியாத மூத்த பெண் என்று போனது. ஊரின் காங்கிரிகேஷனல் சர்ச்சை (ஒரு புராட்டஸ்டன்ட் பிரிவு) தொடங்கிய உறுப்பினர்களில் கணவன் மனைவி இருவருமே உண்டு.

1894 ஜூலையில் லாராவும் கணவர் அல்மான்ஸோவும் ஏழு வயது மகள் ரோஸைக் கூட்டிக்கொண்டு வண்டியில் மிசௌரியின் மேன்ஸ்ஃபீல்டுக்குக் கிளம்பினார்கள். சுமார் 650 மைல். ஆறு வாரப் பயணம். 1902ல் அப்பா சாகக்கிடக்கிறார் என்று கேள்விப்பட்டு லாரா ரயிலேறி வந்தார். ஜூன் 8 அன்று சார்லஸ் இறந்தார். அம்மாவும் மகளும் கடைசியாகப் பார்த்துக்கொண்டது அந்த முறைதான்.

பிறகு கரோலைன் 22 வருடம் விதவையாக வாழ்ந்தார். வீட்டில் ஆட்களைத் தங்கவைத்துச் சமைத்துப்போட்டு வருமானம் பார்த்தார். மேரி குதிரைகளுக்கு ஈ வலை பின்னி விற்றார். கிரேஸ் கல்யாணமாகிப் பக்கத்து மான்செஸ்டரில் இருந்தார். சில மைல் தூரம்தான். (அந்த ஊர் 2003ல் ஒரே சுழற்காற்றில் அழிந்துபோனது.) கேரி 1912ல் மணமாகி மாநிலத்தின் மேற்குக் கோடியில் கீஸ்டோன் போனார். அந்த 22 வருடத்தைப் பற்றித்தான் மிகக் குறைவாக எழுதப்பட்டிருக்கிறது. சாகசம் எதுவும் இல்லாததால் யாருக்கும் ஆர்வம் இல்லை. எனக்கென்னவோ அதுதான் கஷ்டமான பகுதி என்று படுகிறது. 62 வயதில் கணவனை இழந்து, 80ஐத் தாண்டும்வரை, தனக்குப் பின் மேரியை யார் பார்ப்பார்கள் என்ற கவலையை வைத்துக்கொண்டே அடுப்படியில் நிற்பது சின்ன விஷயமில்லை.

1924 ஏப்ரல் 20 அன்று மேன்ஸ்ஃபீல்டுக்குத் தந்தி வந்தது. அன்று காலை அம்மா இறந்துவிட்டார் என்ற செய்தி. இது நமக்குத் தெரிவது லாராவே எழுதியதால். 'மிசௌரி ரூரலிஸ்ட்' என்ற விவசாயப் பத்திரிகையில் 1911 முதல் எழுதிவந்த அவர், அந்த வருடம் ஜூன் இதழில் தந்தி வந்ததையும் அதன்பின் நினைவுகள் கிளர்ந்ததையும் ஒரு சிறு கட்டுரையாக எழுதினார். கரோலைனை டி ஸ்மெட் கல்லறையில் கணவர் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். ஏன் போகவில்லை என்று லாரா எங்கும் நேராக விளக்கவில்லை. சொல்லப்படும் காரணங்களில் சில பலமானவை. சாவுக்குப் பின் தந்தி வந்தால், அன்றைய ரயில் இணைப்புகளில் தெற்கு மிசௌரியிலிருந்து டகோட்டாவுக்கு அடக்கத்துக்குள் போய்ச்சேருவது கஷ்டம். பண்ணையில் கோழியும் மாடும். அல்மான்ஸோவுக்கு 1888ல் வந்த டிப்தீரியாவுக்குப் பிறகு கால் பலவீனம். ஆனால் 'ஏழ்மை, வழியே இல்லை' என்று சொல்லித் தப்பிக்க முடியாது. 1915ல் லாரா மகளைப் பார்க்க சான்பிரான்சிஸ்கோவரை ரயிலில் போய்வந்தார், அதுவும் உலகக் கண்காட்சி நடந்த சமயத்தில். டி ஸ்மெட் அதைவிடக் கிட்டத்தில்தான் இருந்தது. ஆகவே 22 வருடத்தில் ஒரு முறைகூட முடியவே இல்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். போக வேண்டும் என்று தோன்றியும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கலாம். டி ஸ்மெட்டில் அவர் பட்டதும் கொஞ்சமில்லை: வீடு எரிந்தது, 1889ல் பிறந்த ஆண் குழந்தை சில நாட்களில் செத்தது, வறட்சியில் நிலம் போனது. ஊர் மேலிருந்த கசப்பா, அம்மாவோடு ஏதும் மனத்தாங்கலா என்று ஊகிப்பவர்கள் உண்டு. மனத்தாங்கலுக்கு ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை.

அந்தக் காலக் குடியேறிக் குடும்பங்களின் கடிதங்களையும் பதிவுகளையும் பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று பழகிவிட்டது. வண்டி கிளம்பும்போதே கடைசி முறை பார்ப்பதுபோலத்தான் விடைபெறுவார்கள். கரோலைனும் விஸ்கான்சினில் தன் அம்மாவையும் கூடப்பிறந்தவர்களையும் விட்டுவிட்டு வண்டியேறியவர்தான். நாம் சாவுக்குப் போவதை வைத்துப் பாசத்தை அளக்கிறோம். முகம் பார்க்காவிட்டால் காலத்துக்கும் பேச்சு வாங்க வேண்டும். அவர்கள் கடிதம் வருவதை வைத்து அளந்தார்கள். இது லாராவுக்காக நான் சொல்லும் சமாதானம் இல்லை. பக்கத்தில் இருந்த கிரேஸின் தலையில்தான் சுமை விழுந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் போகாததை மட்டும் வைத்துப் பாசமில்லை என்று முடிவுகட்டவும் முடியாது.

அதற்குப் பின் நடந்ததைப் பார்த்தால் எனக்கு ஓரளவு பதில் கிடைக்கிறது. 1925ல் லாரா, அம்மாவின் அக்கா மார்த்தாவுக்குக் கடிதம் எழுதினார். சின்ன வயசுக் கதைகளையும், அம்மா செய்துகொண்டிருந்த ஒரு பலகாரத்தின் பக்குவத்தையும் கேட்டார். அம்மா இருந்திருந்தால் அவரிடமே கேட்டிருக்கலாம். 1928ல் மேரி இறந்தார். 1930ல் லாரா நினைவுக்குறிப்பை எழுத உட்கார்ந்தார். 1931ல், 29 வருடத்துக்குப் பிறகு, முதல்முறையாக டி ஸ்மெட் போனார். அடுத்த வருடம் முதல் புத்தகம். பெரியவர்கள் இருந்தவரை எழுதாத பெண், கேட்டுத் தெரிந்துகொள்ள யாரும் மிஞ்சாமல் போகிறார்கள் என்று ஆனபின்தான் எழுதினார். இது என் வாசிப்பு. தேதிகள் மட்டும் உறுதி.

புத்தகத்தில் வருவதுபோல அவர் அவ்வளவு சாந்தமானவரா என்று உங்கள் பெண் கேட்டால், அந்தச் சாந்தம் பெரும்பாலும் ஒரு மகள் 60 வயதுக்கு மேல் வரைந்த சித்திரம் என்று சொல்லுங்கள். இன்னொரு தகவலும் அவளுக்கு ஆச்சரியமாக இருக்கும். ஐந்து பிள்ளை பெற்ற கரோலைனுக்கு இன்று ஒரு வாரிசுகூட இல்லை. மேரி கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கேரிக்கும் கிரேஸுக்கும் குழந்தை இல்லை, லாராவின் ஒரே பெண் ரோஸ் 1968ல் வாரிசில்லாமல் இறந்தார். மூன்றாம் தெரு வீட்டைக் காப்பாற்றி இன்று காட்சிக்கு வைத்திருப்பவர்கள் 1957ல் தொடங்கிய உள்ளூர் நினைவுச் சங்கத்தார்.

உங்கள் பெண் எத்தனையாவது புத்தகத்தில் இருக்கிறாள் என்று நீங்கள் சொல்லவில்லை. நான்காவது புத்தகம் வால்நட் குரோவ் காலத்தோடு முடிந்து, ஐந்தாவது தொடங்கும்போது மேரிக்குப் பார்வை போயிருக்கும், கிரேஸ் என்று புதிதாக ஒரு குழந்தை இருக்கும். நடுவில் என்ன நடந்தது என்று எல்லாப் பிள்ளைகளும் கேட்பார்கள். ஃபிரெடி, பர் ஓக், வாடகை பாக்கி எல்லாம் அந்த இடைவெளியில்தான் இருக்கின்றன. பத்து வயது தாண்டியிருந்தால் மறைக்காமல் சொல்லலாம் என்பது என் அபிப்பிராயம். ஓசேஜ் நிலத்தைப் பற்றியும் கான்சாஸ் புத்தகத்தைப் படிக்கும்போதே சொல்லிவிடுங்கள்.